இடப்பக்கம் இழுத்த துவக்கு

போன மாதம் பழைய வேலையிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது அந்தப் பட்டறையை நடத்துகிறவன் நல்ல பிள்ளை. ஆனால் வேறு வழியெல்லாம் தீர்ந்த பிறகுதான் என்னைக் கேட்பான். போட்டிக்குச் சுடுகிற ஒருவர் தன் துவக்குக்குப் புது ஹான்ட்கார்ட் வாங்கித் தானே பூட்டியிருக்கிறார். அதன் பிறகு குண்டு இடப்பக்கம் போகிறதாம். எல்லாவற்றையும் அளந்து பார்த்தும் குறை தெரியவில்லையாம்.

ஹான்ட்கார்ட் என்பது துவக்கின் குழலைச் சுற்றி இருக்கிற நீண்ட உறை. சுடுகிறவரின் இடது கை பிடிக்கிற இடம் அதுதான். எங்கள் காலத்தில் அதை ஆளுக்குத் தக்கபடி கடைந்து பூட்டினோம். இப்போது பெட்டியில் வருகிறது. கூடவே ஒரு சாவியும் செய்முறை காட்டும் வீடியோவும் உண்டு. குசினி மேசையில் வைத்தே பூட்டிவிடலாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெட்டியில் வருவது நான் செய்ததைவிட நேர்த்தியாகவே இருக்கிறது.

"அந்த ஆளைத் துவக்கோடு நிலத்தில் படுக்கச் சொல், படுத்த பிறகு பார்" என்றேன். மேசையில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டான். போதாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பதை அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். கல்யாண வீடுகளில் என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் நான் கார் சாமான் செய்யும் ஃபாக்டரியில் வேலை செய்ததாகத்தான் நினைத்திருக்கிறார்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். பத்தொன்பது வருடம் நான் வேலை செய்தது துவக்குத் திருத்தும் பட்டறையில். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் துவக்குத் துடைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்று யாரிடம் சொல்ல?

ஊரில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்தினேன். இங்கே வந்து, நகரத்தின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். கோப்பை கழுவினேன், பிறகு இரவு வகுப்பில் லேத் பழகினேன், இரண்டு ஃபாக்டரிகளில் போல்ற் கடைந்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். ஒருநாள் நுணுக்கமான சிறு பாகங்கள் கடைய ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஸ்ரீற்கார் என்கிற தெரு ரயிலில் ஏறி மேற்கே போனேன். பார்க்டேலுக்கு வடக்கே ரயில் பாதையோரம் ஒரு பழைய செங்கல் கட்டடம். உள்ளே போனதும் சுவர் முழுக்கத் துவக்குகள். அப்படியே திரும்பி வெளியே நடந்தேன்.

வாசலில் வந்து என்னை மறித்தவர் பட்டறையின் உரிமையாளர் இலோனா. ஹங்கேரியிலிருந்து சின்ன வயதில் வந்தவர். நல்ல உயரம், தோல் ஏப்ரன், காதுக்குப் பின்னால் பென்சில். ஏன் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு துவக்கை எடுத்து, அடைப்பைக் கழற்றி, தோட்டா இருக்கும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று உரக்கச் சொன்னார். பிறகு என்னிடம் தந்து, நானும் விரலை விட்டு அதையே சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லை. "ஒண்டும் இல்லை" என்றேன். அது என்ன மொழி என்று கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பட்டறையில் ஒரு துவக்கு கைமாறும்போதெல்லாம் இலோனா "ஒண்டும் இல்லை" என்பார், நானும் "ஒண்டும் இல்லை" என்பேன். வாடிக்கையாளர்கள் அதை ஹங்கேரியன் என்று நினைத்திருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்தேன், ஒரு நிபந்தனையோடு. கடைவேன், பூட்டுவேன், அளப்பேன், ஆனால் சுட மாட்டேன், சுடும் இடத்துக்கும் வர மாட்டேன். இலோனா தோளைக் குலுக்கினார். அனுமதிப் பத்திரத்துக்கான பரீட்சையில்கூடச் சுடச் சொல்ல மாட்டார்கள், பத்திரமாகக் கையாளத் தெரிந்தால் போதும். உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்படுகிறாய் என்று என் மனைவி சிரிப்பாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

இலோனாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தெரு ஓரத்து ஜன்னலில் ஓர் எனாமல் பேசின் வைத்திருந்தார். பிழையாய்ப் போன வேலை எதுவோ அது அதற்குள் போகும், செய்தவரின் பெயர் எழுதிய துண்டோடு. வருகிற போகிற எல்லோரும் பார்க்கலாம். அதில் அவருடைய பெயரும் ஏழெட்டுத் துண்டுகளில் இருந்தது. என் பெயர் முதல் வருடத்தில் நாலு தரம் போனது, பிறகு போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹான்ட்கார்டில் விஷயம் என்னவென்றால், அது குழலைத் தொடவே கூடாது. குழல் தொடங்கும் வேர்ப்பக்கத்தில் ஒரு தடித்த நட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்ச நீளம் முழுக்கக் குழலைச் சுற்றிக் காற்றில் நிற்க வேண்டும். மயிரிழை பட்டாலும் குழல் விலகும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் அந்த மயிரிழை ஒரு சாணாகிவிடும். நட்டை அளவு பார்த்து இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, மூன்றாம் முறைதான் விடுவோம். பிறகு காகிதச் சோதனை. இலோனா தன் மத்தியானச் சாண்ட்விச் சுற்றி வந்த எண்ணெய்த் தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழலுக்கும் உறைக்கும் நடுவே விட்டு, இரண்டு நுனியையும் பிடித்து முன்னிருந்து பின்வரை இழுத்துப் பார்ப்பார். எங்கேயும் தடக்காமல் ஓட வேண்டும். அந்தத் தாள் ஓடும்போது வரும் மெல்லிய சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் என் கை சும்மா இராது. உண்மையைச் சொன்னால், மோர்னிங்சைட்டில் இந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன்.

இனி நிருஷாவின் கதைக்கு வருகிறேன்.

பட்டறையில் என் பதின்மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை, நீளப் பெட்டியோடு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. கூடவே அவளுடைய அப்பா. என்னை ஒரு பார்வை பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க தமிழாகா?" என்றார்.

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டேன்.

"நாங்க மட்டக்களப்புப் பக்கம். பேர் தவராசா. ட்ரக் ஓடுறன். துவக்குச் சத்தம் கேட்டு ஓடித்தானே இஞ்ச வந்த நாங்க. இப்ப பாருங்க, என்ர புள்ள துவக்கைத் தூக்கித் தோள்ல வெச்சிருக்கு. பள்ளிக்கூடத்துக் கடேற் படையில பழகினதாம். மறுகா விடமாட்டன் எண்டுட்டா!"

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், மாகாண ரீமுக்கு ட்ரையல் இருக்கு. ரெண்டு வீக்கெண்ட். ரெண்டு ஸ்கோரையும் கூட்டி எடுப்பினம். எனக்குப் பழைய ஹான்ட்கார்ட் ட்டூ ஷோர்ட், ட்டூ ஹெவி. நீளமா, லைற்றா ஒண்டு வேணும். பிளீஸ், திஸ் இயர் மிஸ் பண்ணினா அடுத்தது நாலு வருஷம்."

நாலு வருடத்துக்கு ஒருமுறை கடல் கடந்து போகும் அணி அது. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, நிலத்தில் குப்புறப் படுத்துச் சுடுகிற போட்டி. இடது மேற்கையில் ஒரு தோல் வாரை இறுக்கி மாட்டி, அதன் மறுமுனையை ஹான்ட்கார்டின் அடியில் கொளுவுவார்கள். வார்தான் துவக்கைத் தாங்கும், கை சும்மா கிடக்கும். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும், கண்ணால் கண்டதில்லை.

வாரைக் கொளுவும் இடம் அவளுடைய கைக்கு எங்கே வர வேண்டும் என்று அளக்க வேண்டியிருந்தது. "நான் படுத்துக் காட்டுறன் அங்கிள்" என்று ஜக்கெற்றைக் கழற்றி, துவக்கோடு நிலத்தில் ஒரு முழங்காலை வைத்தாள்.

"வேண்டாம், எழும்பு பிள்ளை. தேவையில்லை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தவராசா அண்ணை திரும்பிப் பார்த்தார்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். கௌரி. பத்தொன்பது வயதில் ரியூசனுக்கென்று வெளிக்கிட்டவள், சைக்கிளை அயல் வீட்டில் விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனாள். மூன்றாம் வருடம் செய்தி வந்தது, உடல் வரவில்லை. துவக்கோடு அவளை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்காததாலேயே எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை ஒரு தமிழ்ப் பெண் துவக்கோடு மண்டியிட்டபோது என்னால் முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆகவே அவளை நிற்க வைத்து, தையல்காரன் மாதிரிக் கையை நாடாவால் அளந்தேன். அலுமினியக் குழாய் எடுத்து நீளமாகக் கடைந்தேன். பாரம் குறைய வேண்டும் என்றாளே என்று சுற்றிவர நீள் சதுரத் துளைகள் வெட்டினேன். அழகான வேலை, இன்றைக்கும் சொல்வேன். காகிதம் தடக்காமல் ஓடியது. இலோனா அதைச் சுடும் இடத்துக்குக் கொண்டு போய், மேசையில் மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து குண்டு சுட்டார். அட்டையில் ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. அவருக்குத் தோளில் ஒப்பரேஷன் செய்தது, படுத்துச் சுட முடியாது.

முதலாம் ட்ரையல் முடிந்து திங்கட்கிழமை நிருஷா தனியாக வந்தாள். இலக்கு அட்டைகளை மேசையில் பரப்பினாள். குண்டுகள் எல்லாம் நடுவை விட்டு இடப்பக்கம் கீழே, மணிக்கூட்டில் ஏழு இருக்கும் இடத்தில் சிதறிக் கிடந்தன.

"இட்ஸ் புல்லிங் லெஃப்ற், அங்கிள். நான் கரெக்ஷன் போட்டன். பிறகு ஒண்டு ரெண்டு நடுவுக்குப் போகுது, திரும்ப லெஃப்ற். எனக்கு விளங்கேல்ல."

நான் இலோனா சுட்ட அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "உது துவக்கின்ர பிழை இல்லைப் பிள்ளை. நீ விசையை இழுக்கிறாய். விரலைப் பழக்கு."

ஒருநாளும் விசை தொடாத நான் அப்படிச் சொன்னேன். அவள் இரண்டு அட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓகே அங்கிள். ஸொறி" என்றாள். ஸொறி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இலோனா லேத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அட்டைகள் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அவளைப் படுக்க வைத்து அளந்தாயா?" என்று கேட்டார்.

"ஓம், அளந்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் மெஷினைத் திரும்பவும் போட்டார். பதின்மூன்று வருடத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பியதுதான் என்னைத் தின்றது. பட்டறையில் ஒருவர் "ஒண்டும் இல்லை" என்று சொன்னால் மற்றவர் நம்ப வேண்டும், உயிரே அதில்தான் இருக்கிறது. அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் தாங்கினேன். பிறகு நிருஷாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, வேலை முடிய துவக்கோட ஒருக்கா வாறியே? படுத்துக் காட்ட வேணும்."

ஐந்தரைக்கு வந்தாள். இரண்டு மெஷின்களுக்கு நடுவே யோகாப் பாயை விரித்தாள். இலோனா அடைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்து, "ஒண்டும் இல்லை" என்றார். நானும் பார்த்துச் சொன்னேன். நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்டும் இல்லை" என்று அவளும் சொல்லிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தாள்.

இந்த முறை பார்த்தேன். இடது முழங்கையை முதலில் ஊன்றினாள். வலது காலை ஒரு பக்கம் மடித்தாள். வாரை மேற்கையில் ஏற்றி ஒரு துளை, இன்னொரு துளை என்று இறுக்கினாள். தோல் முறுகிற சத்தம் கேட்டது. பிறகு கன்னத்தைத் துவக்கில் வைத்தாள். அவள் உடம்பின் பாரம் முழுவதும் அந்த வாரில் தொங்கி, வார் ஹான்ட்கார்டைக் கீழேயும் இடப்பக்கமும் இழுத்தது. இவ்வளவு இழுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மண்டியிட்டு, வேர்ப்பக்கத்துத் துளையொன்றின் வழியே எண்ணெய்த் தாளை உள்ளே விட்டேன். வேர்ப்பக்கத்தில் ஓடியது. நடுவிலும் ஓடியது. முன்பக்கம் ஒரு சாண் இருக்கையில், வலப்பக்க மேல் ஓரத்தில் நின்றுவிட்டது. இழுத்தேன், கிழிந்தது. வேறொரு துண்டு விட்டேன், அங்கேயே நின்றது. அவள் மூச்சை விட்டபோது மெல்ல அசைந்தது, எடுத்தபோது திரும்பவும் இறுகியது. பாரம் குறைக்கிறேன் என்று நான் வெட்டிய துளைகளால் ஹான்ட்கார்ட் வளைந்துகொடுத்து, மூச்சுக்கு மூச்சு குழலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு நடுவுக்குப் போனதும் அதனால்தான். அவளுடைய விரலில் ஒரு பிழையும் இல்லை.

"கிடைச்சுதா அங்கிள்?" என்றாள், கன்னத்தை எடுக்காமல்.

"கிடைச்சுது."

குறை கிடைத்த பிறகும் நான் எழும்பவில்லை. இன்னொரு தரம் அளப்பதுபோல முழங்காலில் இருந்தேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி என் கண் முன்னே பத்திரமாக, சீராக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பார்க்கவே முடியாது என்று நினைத்திருந்தேன். பார்க்கத் தொடங்கிய பிறகு கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அவள் போனதும் இலோனாவிடம் பொய்யைச் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். அவர் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு இரண்டு கோப்பை கோப்பி போட்டு வந்து, ஒன்றை என் பக்கம் தள்ளினார். பழைய ஹான்ட்கார்டை மறுநாள் நானே என் பெயர் எழுதிப் பேசினுக்குள் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மூன்று நாளில் புதிது செய்தேன். சுவர் தடிப்பாக, உள்விட்டம் பெரிதாக, துளைகள் பாதியாக. வாரை இறுக்கிப் படுக்க வைத்துத் தாளை விட்டேன், முன்னிருந்து பின்வரை ஓடியது. முந்தியதைவிடப் பாரம் கூடத்தான். அவள் தூக்கிப் பார்த்து, "இட்ஸ் ஃபைன்" என்றாள். இரண்டாம் ட்ரையலில் அந்த மைதானத்தில் அவளைவிடக் கூடிய புள்ளி ஒருவரும் எடுக்கவில்லை.

ஆனால் இரண்டையும் கூட்டித்தானே எடுப்பார்கள். இரண்டு புள்ளியால் தவறிவிட்டாள். பதில் ஆளாகப் பெயர் போட்டார்கள். அணியில் ஒருவருக்கும் சுகமில்லாமல் போகவில்லை, அணி அவள் இல்லாமல் விமானம் ஏறியது. தவராசா அண்ணை தொலைபேசியில் சொல்லும்போதும் என்னைத்தான் தேற்றினார். "ஆனைக்கும் அடி சறுக்கும் தம்பி. அடுத்த முறை பாப்பம் மனே." சறுக்கியது நான் என்று அவருக்குத் தெரியாது. மெஷின் வேலையில் ஏதோ சின்னப் பிசகு என்றுதான் நினைத்திருந்தார்.

அந்தக் கிழமை நிருஷா துவக்கைத் துப்புரவாக்கத் தந்துவிட்டுப் போக வந்தாள். இலோனா வங்கிக்குப் போயிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னேன்.

"பிழை என்ர பிள்ளை. முதல் நாள் நீ படுக்க வெளிக்கிட்டாய், நான் விடேல்ல. விட்டிருந்தா அண்டைக்கே கண்டுபிடிச்சிருப்பன். அந்த ரெண்டு புள்ளி நான் எடுத்தது. பிறகு பழியையும் உன்ர விரலில போட்டன்."

அவள் முகம் இறுகியது. கோபம் இருந்தது, அது நியாயம். நாலு வருடம் என்பது அந்த வயதில் சின்னக் காலமில்லை.

"ஏன் விடேல்ல?" என்றாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள்" என்று தொடங்கினேன். இந்த நாட்டில் என் மனைவிக்கும் இலோனாவுக்கும் அடுத்ததாக அவளுக்குத்தான் சொன்னேன். சைக்கிளைச் சொன்னேன். செய்தி வந்ததைச் சொன்னேன். மெஷின்கள் ஓடாத பட்டறையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சொல்லி முடித்துவிட்டு, எல்லோரும் கேட்பதை அவளும் கேட்பாள் என்று காத்திருந்தேன். எந்த இடம், எந்த வருடம், உடல் வந்ததா.

அவள் தன் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "அவா நல்லாச் சுடுவாவா அங்கிள்?" என்று கேட்டாள்.

என்னை அதை ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. கௌரியின் கடைசி மூன்று வருடத்தில் நான் அறிந்தது அவள் செத்த நாள் மட்டும்தான். அந்த மூன்று வருடமும் அவள் ஏதோ ஒன்றைக் காலையில் எழுந்து பழகியிருப்பாள், பிழை விட்டிருப்பாள், யாரோ திருத்தியிருப்பார்கள், ஒருநாள் சரியாக வந்து சந்தோஷப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் கரம்போர்ட் விளையாடினால் எங்கள் யாரையும் அவள் வெல்ல விடமாட்டாள். பலகையின் மறுகரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் காயைக்கூட, மூச்சைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒரே தட்டில் விழுத்துவாள்.

"ஓம்" என்றேன். "நல்லாச் சுடுவாள்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.